கோட்டுக்கு வெளியே

ஜனவரி 12

மழை. மைதானம் முழுக்கச் சேறு. பயிற்சியில் நம் தடுப்பாட்டக்காரன் மொட்டை, மோத வேண்டிய இடத்தில் ஒதுங்கி நின்றான். பயமாம்! விசிலைக் கழற்றி வைத்துவிட்டு நானே இறங்கினேன். ஐம்பத்தாறு வயதுக் கால்தான், ஆனாலும் பந்தும் அவனும் சேர்ந்து பறந்தார்கள். உதடு கிழிந்து எழுந்தவன் என்னை முறைத்தான். "இந்தக் கோபத்தை ஞாயித்துக்கிழமை காட்டுடா" என்றேன்.

கால்பந்து ஆடிய காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான்: ஆட்டம் சூடாவதற்குள் எதிராளியின் கணுக்காலுக்கு நம்மைத் தெரிந்திருக்க வேண்டும். மேனேஜர் ஆனபின் வேறு பாடம் எதுவும் வந்து சேரவில்லை.

மாலை மகள் என் அறைக்கு வந்தாள். அணியின் பிசியோதெரபிஸ்ட் அவள்தான். "எதிர் டீம் உடைக்கிறதவிட நீங்க உடைக்கிறதாலதான்பா எனக்கு வேலை ஜாஸ்தி." எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

பிப்ரவரி 2

தோல்வி. உடை மாற்றும் அறையின் கதவை உதைத்தேன். கதவும் தோற்றது.

மார்ச் 9

நடுவரின் சட்டையைப் பிடித்துவிட்டேன். சிவப்பு அட்டை. மகள்தான் காரை ஓட்டினாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "கோட்டுக்கு வெளிய நிக்கிறது மட்டும்தான் இப்ப உங்க வேலை. இனி உங்களால ஒருத்தன் கால் உடைஞ்சா, நான் டீம்லயும் இருக்க மாட்டேன், இந்த வீட்லயும் இருக்க மாட்டேன்."

அவள் அம்மா போனபின் இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அவள் ஒருத்தி. சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 27

நாளை கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவோம், சமன் செய்தாலே பிழைப்போம். அவர்களுடைய விங்கர் ஒரு குள்ளன், கோட்டோரமாகக் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடுகிறவன். மொட்டையிடம் சொல்லியிருக்கிறேன், முதல் பந்திலேயே இடி என்று.

ஏப்ரல் 28

எழுதாம தூக்கம் வராது.

ஒண்ணுக்கு ஒண்ணு. ஆட்டம் முடியப் போகுது. மொட்டை இடிக்கப் போய்த் தானே விழுந்தான். குள்ளன் தனியா, கோட்டை ஒட்டி, நேரா என் முன்னாடி வர்றான். பந்தைக் கொஞ்சம் நீளமாத் தள்ளிட்டான். கோட்டு சூட்டு போட்டிருந்தேன். நான் எங்க யோசிச்சேன்? கால் போயிடுச்சு!

ஒரு சத்தம். விறகு முறியற சத்தம். முறிஞ்சது என் கால் இல்லை.

அப்புறம் அவன் டீம் ஆளுங்க என் மேல விழுந்தாங்க. முட்டி, முழங்கை, பூட்ஸ். வாயெல்லாம் ரத்தம், ஒரு பல்லைத் துப்பினேன். மொட்டை என்னைத் தூக்க வரலை. கையைக் கட்டிட்டு நின்னு பார்த்தான். மகள் பையோட ஓடி வந்தா. என்னைத் தாண்டி குள்ளன்கிட்ட போனா.

ஃப்ரீ கிக் வெளியே போச்சு. பிழைச்சுட்டோம்.

முதல்ல பந்தைத்தான் தொட்டேன். சத்தியமா பந்தைத்தான். யாருகிட்ட சொல்ல?

ஏப்ரல் 29

அவள் அலமாரி காலி.

மே 15

ஆயுள் தடை. எந்த மைதானத்திலும் கோட்டருகே நிற்கக் கூடாதாம்.

ஆகஸ்ட் 19

மகள் இப்போது ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். குள்ளனும் நடக்கப் பழக அங்கேதான் வருகிறான் என்று மொட்டை சொன்னான். இன்று போய் வராந்தாவில் உட்கார்ந்தேன்.

கதவைத் திறந்து பார்த்தாள். அப்பா என்று கூப்பிடவில்லை. "பேஷண்டைப் பிடிக்க ஆள் வரல. உள்ள வாங்க."

குள்ளன் என்னைக் கண்டதும் வெளிறிப்போனான். "இவரா மேடம்?"

"வெயிட் தாங்குவாரு. பிடிச்சுக்கோங்க."

அவளை ஒருமுறை பார்த்துவிட்டு ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தான். என் தோளில் கை வைத்தான். முழுப் பாரமும் என்மேல். விரல்கள் சட்டையைக் கசக்கின. வியர்த்துக் கொட்டியது, அவனுக்கும் எனக்கும். நான் கால்களை அகட்டி ஊன்றி நின்றேன். எனக்கு நிற்கத் தெரிந்த விதம் அதுதான்.

அவன் நகரவில்லை. கீழே பார்த்தான்.

"சார், காலை எடுங்க. வழியில இருக்கு."

மகள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடுத்தேன்.