ஒளிர்ந்த கோப்பைகள்

14 நவம்பர் 1993, ஞாயிறு. மிச்சம், லண்டன்.

கடையில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைத் திருத்தவென்று இவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். குசினி லைட்டை அணைத்துவிட்டு அதைப் போட்டுப் பார்த்தார். அலுமாரியில் இருந்த என் பச்சைக் கண்ணாடிக் கோப்பைகள் எல்லாம் பேய்க்கண்போல ஒளிர்ந்தன. மற்றக் கண்ணாடிகள் இருட்டாகவே நின்றன.

அந்தப் பச்சைக் கோப்பைகள் அமெரிக்காவில் முப்பதுகளின் பஞ்சகாலத்தில் மலிவாக வார்த்தவை. பழைய சாமான் விற்கும் கார் பூட் சேல்களில் தேடித்தேடி வாங்கினேன். இரண்டு வருடமாக அவற்றில்தான் பால் குடிக்கிறேன்.

எக்ஸ்ரேப் பகுதியில் வேலை செய்யும் லதா அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அதில யுரேனியம் கலந்திருக்கும். கொஞ்சந்தான், பயப்பிட ஒண்டுமில்லை" என்றார். பிறகு, "எண்டாலும் நீர் இப்ப அதில குடியாதையும்" என்றார்.

இவர் சிரித்தார். "எத்தினை வெள்ளைக்காரர் அதில குடிச்சுக் கிழவராயிட்டினம். விசர்க்கதை கதையாதையும்."

எனக்கு இது நாலாம் மாதம். போன வருடம் தங்காமல் போனதற்குக் காரணம் தெரியாது என்றுதான் டொக்டர் சொன்னார். அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. இவரும் எடுக்கவில்லை.

சிரித்தவர்தானே என்று, சாப்பிட்ட பிறகு இவருக்குப் பச்சைக் கோப்பையிலேயே தேத்தண்ணி வைத்தேன். அதைச் சிங்கில் ஊற்றிவிட்டு, குடிக்கச் சில்வர் பேணியைத் தேடி எடுத்தார்.