தளர்வாக வந்த கத்தி

என் சின்னவளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். அங்கே நீ, மாப்பிள்ளை, என் பேத்தி எல்லோரும் நல்லபடியாக இருக்க வேண்டும். என்ன இது, போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா காகிதத்தில் எழுதுகிறாரே என்று பதறாதே. போனில் பேசலாம் என்று எடுத்தேன், வைத்தேன், மறுபடியும் எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் இப்படி. உன் அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் சளி, அம்மாதான் போய்ச் சமைத்துக் கொடுத்துவிட்டு வருகிறாள், முட்டிவலி என்று முனகுகிறாள், உட்கார் என்றால் கேட்பதில்லை. மாடிக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய மடக்குக் கத்தியைப் பற்றித்தான். பார்சல் வந்த அன்று எனக்குக் கால் தரையில் இல்லை. அதை அப்படியே எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். எங்கள் பட்டறையில் என்னை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று உனக்குத் தெரியுமே, தேறாது அண்ணன். பஸ் சீட்டுக்கு ரெக்ஸின் வந்தாலும் சரி, நூல்கண்டு வந்தாலும் சரி, முதலில் என் கைக்கு வரும், நான் தடவிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, தேறாது என்று தூரப் போடுவேன். அந்தத் திமிரோடுதான் உன் கத்தியையும் பார்த்தேன். காதோரம் வைத்து ஆட்டினேன், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விளிம்பில் ஒற்றைக் கண்ணை ஓட்டினேன். இரும்பு நல்ல இரும்பு, காகிதத்தைச் சத்தமில்லாமல் வகுந்தது. ஆனால் மூட்டு தொளதொளவென்று இருந்தது, விரல் பட்டாலே திறந்துகொண்டது. முனை மொண்ணையாக உருண்டிருந்தது. பிடி என்னவோ பூசணிக்காய் மாதிரி பருமன், மேலே ரப்பர் வேறு. பெயிண்டரும் வெல்டரும் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய். நான் பெருமையாக ஸ்பீக்கரில் போட்டேன்.

நான் பேசியதை நீ மறந்திருக்க மாட்டாய். "எவனோ உன் தலையில கட்டிட்டான், குழந்தைக்கு விளையாடக் குடுக்கிற சாமான் இது, இத்தனை வருஷம் எனக்குப் பொண்ணா இருந்து ஒரு கத்தி பாத்து வாங்கத் தெரியலையே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் பக்கத்தில் மாப்பிள்ளை இருந்திருப்பார், அவர் காதிலும் விழுந்திருக்கும். நீ, "சரிப்பா, எனக்கு இதெல்லாம் பாத்து வாங்கத் தெரியல" என்று சொல்லிவிட்டு அம்மாவின் முட்டிவலியை விசாரித்தாய். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அதோடு விட்டேனா? கத்தியை வைஸ் இடுக்கியில் மாட்டி, இரண்டு கையாலும் பலத்தைப் போட்டு மூட்டு ஸ்க்ரூவை இறுக்கினேன். சாணையில் வைத்து முனையை ஊசி மாதிரி தீட்டினேன். வீட்டுக்கு வந்து, "உன் மக அனுப்பின கத்தியை நான் ஒழுங்கு பண்ணிட்டேன் பார்" என்று அம்மாவிடம் நீட்டினேன். மறுநாள் காலையில் அரிசிப் பையின் தையலைப் பிரிக்கலாம் என்று எடுத்தால், திறக்க முடியவில்லை. நகம் வழுக்குகிறது. கட்டைவிரல் வளைய மாட்டேன் என்கிறது. சட்டையில் துடைத்துவிட்டு முயன்றேன், பல்லால்கூடக் கடித்து இழுத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கடைசியில் உன் அம்மா வாங்கித் திறந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அப்போதுதான் எல்லாம் சொன்னாள். "போன தடவை வந்தப்பவே அவ பாத்துட்டா. சட்டைப் பட்டன் போட நீங்க சுவர்ப் பக்கம் திரும்பி நின்னீங்க, டம்ளரை ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு சூடுன்னு சொன்னீங்க, கத்தி நழுவி உள்ளங்கையில பட்ட வெட்டை ஆணி கீறிடுச்சுன்னு மழுப்புனீங்க. உங்க விரல் மாதிரியே மடங்காம இருக்கட்டும்னு அவ கையில தடிச்ச உறையை மாட்டிக்கிட்டு, அந்தக் கையால திறக்க வருதான்னு கடைகடையா பாத்திருக்கா. கடைக்காரன்கிட்ட சொல்லி மூட்டைத் தளர்த்தி, முனையை மழுக்கி வாங்கியிருக்கா. உங்க மனசு கஷ்டப்படும், சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா" என்றாள்.

கண்ணு, எனக்குத் தலை நிமிரவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேர் முன்னால் என் வாய் அடைத்திருக்கும். நீ சொல்லவில்லை. எனக்காகத் தெரியாதவள் மாதிரி நின்று திட்டு வாங்கிக்கொண்டாய். உனக்கு என்ன தெரியும் என்று கேட்ட நான்தான், என் கையை உன்னிடம் மறைத்தவன்.

மறுபடி தளர்த்தலாம் என்று நானே உட்கார்ந்தேன், ஸ்க்ரூ டிரைவர் நழுவி நழுவி விழுந்தது. பட்டறையில் பெயிண்டரிடம் கொடுத்தேன். "ஏண்ணே, நீங்கதானே இறுக்கினீங்க" என்றான். என் கை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வெல்டரையும் கூப்பிட்டு, கத்தி நல்ல கத்தி, அன்றைக்கு நான் பேசிய பேச்சுதான் தேறாது என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மூட்டு இப்போது பழையபடி இருக்கிறது, இடது கையாலும் திறக்கிறேன். முனையையும் பெயிண்டரே உருட்டிக் கொடுத்தான். ஆனால் நான் தீட்டித் தேய்த்தது போனது போனதுதான், கத்தி கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குத்துகிறது. வருகிற வாரம் அண்ணனோடு டாக்டரிடம் போகிறேன், அவர் என்ன சொன்னாலும் ஒளிக்காமல் உனக்குச் சொல்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. குழந்தையை ஈரத் தலையோடு வெளியே விடாதே. மாப்பிள்ளையிடம் இதை அப்படியே படித்துக் காட்டு, அன்றைக்கு நான் பேசியதைக் கேட்டவர் இதையும் கேட்கட்டும். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். முடிந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, ஸ்பீக்கரில் போட மாட்டேன்.

எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு கோட்டை விட்டு ஓடுவதைப் பார்த்திருப்பாய். பேனா நல்ல பேனாதான், கண்ணு.

உன் அப்பா