உதிர்ந்த பழமும் ரைட்டர் அண்ணனும்

கொட்டச்சேடு,
4.2.2024

எஸ்டேட் ரைட்டர் கோவிந்தராஜ் அண்ணனுக்கு,

கூடப்பிறந்த கலாவதி எழுதுவது. நலம் என்று எழுத வழியில்லை. போனை நீங்கள் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

பழம் பறித்து முடிக்கிற கடைசி நாளில், செடிக்கடியில் உதிர்ந்து கிடக்கும் காப்பிப் பழம் பொறுக்குகிறவர்களுக்கே சொந்தம். நம் எஸ்டேட் வழக்கம் அது. “எடுத்துக்க கண்ணு” என்று சொன்னதும் நீங்கள்தான். அரைக்கூடை எடுத்தேன். அதற்கு மேனேஜரிடம் இங்கிலீஷில் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்? வேலை போய்விட்டது. மாதக் கடைசியில் எஸ்டேட் கொடுத்த லைன் ஊட்டையும் காலி செய்யச் சொல்கிறார்கள்.

கலாவதி

தலைச்சோலை,
9.2.2024

தங்கச்சி கலாவதிக்கு ஆசீர்வாதம்.

‘ஸ்டோல்’ என்று எழுதினேன். ‘டுக்’ என்றாலும் ‘ஸ்டோல்’ என்றாலும் எடுத்தது எடுத்ததுதான். இங்கிலீஷ் படிக்காத உனக்கு அதெல்லாம் புரியாது. வந்திருப்பவர் புது மேனேஜர், வழக்கம் தெரியாதவர். தங்கச்சிக்குச் சலுகை காட்டுகிறான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் என் கதி என்ன? கொஞ்சம் பொறுத்துப் போ.

அன்புள்ள அண்ணன்

கொட்டச்சேடு,
14.2.2024

அண்ணனுக்கு,

எனக்குப் புரியாது, சரி. சேலத்தில் இங்கிலீஷ் படிக்கிற என் மகள், உங்கள் மருமகள் கவிப்பிரியாவுக்குப் புரிகிறதே! ‘டுக்’ என்றால் எடுத்தாள். ‘பிக்ட் அப்’ என்றால் கீழே கிடந்ததைப் பொறுக்கினாள். நீங்கள் போட்டதற்குத் திருடினாள் என்று அர்த்தமாம். சொல்லிவிட்டு அழுதாள்.

நம் ஆத்தா முத்தாயி அதே செடிகளுக்கடியில் பொறுக்கித்தான் உங்களைப் படிக்க வைத்தாள். அவள் செய்ததற்கு எந்த வார்த்தை போடுவீர்கள்? மாற்றி எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் லேபர் ஆபீசுக்கு மனு எழுதுவேன்.

கலாவதி

தலைச்சோலை,
22.2.2024

கலாவதிக்கு,

எழுதினதை மாற்றினால் மேனேஜர் என்னைத்தான் பிடிப்பார். ரிட்டயராக எட்டு மாதம்தான் இருக்கிறது. சாமான் ஏற்ற வண்டி அனுப்புகிறேன். மனு எழுதித்தான் ஆவேன் என்றால், ‘அண்ணன் தவறாக எழுதிவிட்டார்’ என்று மட்டும் போடு, சாமி. உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்.

அண்ணன்

கொட்டச்சேடு,
28.2.2024

ரைட்டர் அவர்களுக்கு,

வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஊட்டைக் காலி செய்யவில்லை. மனுவும் கொடுத்தாகிவிட்டது.

கவிப்பிரியா முதலில் நீங்கள் கேட்ட மாதிரியே ‘தவறாக எழுதிவிட்டார்’ என்றுதான் போட்டிருந்தாள். நான் அதை அடித்துவிட்டு, என் கையால் ‘பொய் எழுதினார்’ என்று போட்டேன். எழுதினது எழுதினதுதானே?

பதில் வேண்டாம்.

முத்தாயி மகள்
கலாவதி