வீரபாண்டி வீட்டுப் பந்தலும் என் பூகோளமும்

பள்ளிவாசல்
ஐப்பசி 20

சௌபாக்கியவதி சேஷம்மாளுக்கு அநேக ஆசீர்வாதம். உன் முழங்கால் வலி தேவலையா? மறந்துபோகாமலிருக்க விஷயங்களை வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. நான் சௌக்கியம்.
2. பூகோளப் பாடம் பிழைத்தது.
3. எனக்கு இங்கே ஒன்றும் தேவையில்லை.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பூகோளத்தை நிறுத்திவிடலாமா என்று பெற்றோர் கூட்டத்தில் முடிவு செய்வதாக இருந்தார்கள். நிறுத்தினால் எனக்கும் வேலையில்லை. அதற்கு முந்தின வாரம் கங்காணி வீரபாண்டி, மகள் கல்யாணப் பந்தலை எங்கே போடலாமென்று கேட்டார். பாடத்தின் பயனைக் காட்ட இதுவே சமயமென்று, "மலை மழையைத் தடுக்கும், போடிமெட்டுக் கணவாய்க்குக் கிழக்கே நனையாது" என்றேன். அவரும் அங்கேயே போட்டார். நான் சொன்னது ஆடி மாதத்துக்குச் சரி. ஐப்பசியில் மழை கிழக்கிலிருந்தே வருமென்பது, பந்தியில் இலை மிதந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

கூட்டத்தில் வீரபாண்டி, "இந்தப் படிப்பு நம்ம பிள்ளைகளுக்கு எதுக்குங்கேன்?" என்றார். அவர் சம்சாரம் முத்துப்பேச்சி எழுந்தாள்.

"சார்வாள் பாதிப் பாடம் சொன்னதுக்கே சோறு கஞ்சியாப் போச்சு. பிள்ளைகளாவது முழுசாப் படிக்கட்டும். வாரத்துக்கு ரெண்டு நாளு கூடவே வைங்க!"

எல்லோரும் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள்.

இப்போது வாரம் நான்கு வகுப்பு. ஆகையால் நம்மூர்க் கல்பாத்தித் தேருக்கு வர லீவு கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தபால்காரர் வாசலில் நிற்கிறார். கம்பளி மப்ளர், சுக்குப்பொடி, கொஞ்சம் நார்த்தங்காய் அனுப்பு. தேர் எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் நின்றதென்று விவரமாக எழுது. மூன்றாவதாக நான் எழுதியது தவறு.

யக்ஞநாராயணன்