பிரிக்காத வாக்கர்

ரந்தாவ், மலேசியா

அன்பு மகன் மார்கஸுக்கு அம்மா எழுதுவது. நீயும் ஜோசலினும் பிள்ளைகளும் பெர்த்தில் சுகமாக இருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

பக்கத்து வீட்டுச் செல்லத்தைச் சிரம்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள் தம்பி. என்னோடு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். முன்பெல்லாம் நாங்கள் விழுந்து படுத்த பிறகுதான் யாராவது அரிசியும் பிஸ்கட் டின்னுமாக வந்து படம் பிடித்துக்கொண்டு போவார்கள். இப்போது கிளினிக்கிலிருந்து ரதி என்று ஒரு பெண், விழுவதற்கு முன்பே வருகிறாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்துத் தந்தாள், பாலாய் ராயா மண்டபத்தில் எங்களை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகச் சொன்னாள், ஊன்றி நடக்க ஆளுக்கொரு வாக்கரும் கொடுத்தாள். நம் ஆட்கள் புத்திதான் உனக்குத் தெரியுமே, புதுச் சாமான் என்றால் நல்ல நாள் வரும்வரை பிளாஸ்டிக்கைப் பிரிக்க மாட்டோம். "புதுசு லா, தீபாவளிக்குப் பிரிச்சிக்கிறேன்" என்று செல்லம் அதைச் சாமி படத்துக்குக் கீழே நிறுத்திவைத்தாள். நான் என்னுடையதைக் கிறிஸ்துமஸுக்கென்று வைத்திருந்தேன். அதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போன செல்லம் படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். கிள்ளானிலிருந்து அவள் மகன் சத்தியசீலன் வந்து அந்த இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போனான். அவனையும் குறை சொல்ல முடியாது, வேலையை விட்டுவிட்டு எத்தனை நாள் இங்கே உட்கார்ந்திருப்பான்.

ஞாயிறு பூசை முடிந்து போய்ப் பார்த்தேன். சுத்தமான இடம்தான். ஆனால் டாக்டர் நடக்கச் சொல்லியும் அவளை எழுந்திருக்க விடுவதில்லை, மறுபடி விழுந்தால் யார் பதில் சொல்வது என்கிறார்களாம். ஊட்டிவிடுகிறார்கள், துடைத்துவிடுகிறார்கள், படுக்க வைக்கிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அகதா, எந்திரிச்சி ஒரு கோப்பி கலக்கணும் போல இருக்கு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கத்தியை எடுத்து என் வாக்கர் பிளாஸ்டிக்கைக் கிழித்துப் போட்டேன்.

டிசம்பரில் வந்து என்னையும் அங்கே சேர்க்கப் போவதாகச் சொல்கிறாய். பயத்தில்தான் சொல்கிறாய், தெரியும். எனக்கும் பயம்தான், தோட்டத்து லைனில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, சாயங்காலமானால் செல்லத்தின் வீடு இருட்டாக இருக்கிறது. இருந்தாலும் என் வேலையை நானே செய்துகொள்ள முடிகிறவரை என்னை இங்கேயே விடு. வந்ததும் ரதியிடம் பேசு, என்னை நடக்கச் சொல்லிப் பார், அதற்குப் பிறகு முடிவு செய். முடியாமல் போனால் நானே சொல்வேன், உன் அப்பா மாதிரி கடைசிவரை மறைக்க மாட்டேன்.

ஆண்டவர் உங்கள் எல்லாரையும் நோய்நொடி இல்லாமல் காப்பாராக, பிள்ளைகளுக்கு என் முத்தம். ஒன்றை மட்டும் மறக்காதே. போன் அடித்து நான் எடுக்கவில்லை என்றால் உடனே வைத்துவிட்டுப் பின்வீட்டு விமலாவை ஓடிப்போய்ப் பார்க்கச் சொல்லாதே. முன்போல ஓடி வந்து எடுக்க முடியாது, மெதுவாகத்தான் வருவேன். நீ வைக்காமல் இரு ஐயா, அடிக்கட்டும், நான் வந்துகொண்டுதான் இருப்பேன்.

உன் அம்மா
அகதா