ஏசுவதற்கு ஒருவர்

அன்பின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அலாஸ்காவில் இன்னும் பனிதான். நான் சுகம்.

நான் ஒலிப்பதிவு செய்யும் அதபாஸ்கன் குடும்பத்துப் பழங்குடி மொழியைப் பேச டோரா, ஹேசல் என்று வயதான இரண்டு பெண்கள்தான் இருந்தார்கள். சேர்ந்துதான் வருவார்கள். போன வாரம் ஹேசல் மௌத்தாகிவிட்டார். பயப்படாதீர்கள், நோய் ஒன்றுமில்லை, வயதுதான்.

செவ்வாய்க்கிழமை டோரா தனியாக வந்து மைக்கின் முன் உட்கார்ந்தார். ஏதாவது கதை சொல்லுங்கள் என்றேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம்மட பேச்சில் எழுதுகிறேன்:

"ஆருக்கிட்டச் சொல்ற புள்ள? நீ எல்லாத்துக்கும் தலையாட்டுவாய். ஹேசல் எண்டா, 'பொய் சொல்லாத, அந்த மீனப் புடிச்சது நான்' எண்டு ஏசுவாள்."

எனக்கு அந்த மொழியில் ஏசத் தெரியாது. மெஷினை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினேன். இருவரும் குடித்தோம். எனக்கு அழுகைகூட வரவில்லை.

அடுத்த பார்சலில் கல்முனை மில்லில் அரைத்த கொச்சிக்காய்த்தூள் வையுங்கள், இங்குள்ள மிளகாயில் உறைப்பே இல்லை. வொய்ஸ் மெசேஜ் அனுப்பும்போது, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்க வேண்டாம். நீங்கள் ஆக்கும் கீரிமீன் ஆணத்துக்குப் புளியே தேவையில்லை என்று நான் சொல்கிறேன். நன்றாக ஏசி அனுப்புங்கள்.

பஸ் வந்துவிட்டது. வஸ்ஸலாம்.

மகள்,
பஸ்லியா