பூமியில் நடக்காத கதை

மார்ச் 4
நூலகக் கவுன்ட்டரில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிவிட்டது. சாயங்காலம் அக்கா வீடு. அத்தான் இறந்துபோய் நாலு மாதமாகிறது. அவள் இன்னும் வாசற்படி தாண்டவில்லை. இன்று அவளாகவே வாய் திறந்தாள்.

“இந்தப் பூமியில நடக்காத கதை ஏதாவது இருந்தா குடுடி. இங்க நடக்கிறது எதுவும் பிடிக்கல.”

அறிவியல் புனைகதையா! முப்பது வருடமாக நான் அந்தப் பேச்சை எடுத்தாலே கொட்டாவி விடுபவள்.

மார்ச் 5
புதிதாகப் படிப்பவருக்கு யாரை முதலில் கொடுப்பது? இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் — விண்கலக் கிழவர். (நான் வைத்த பெயர்.) பழைய மேதை, எளிய நடை. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மார்ச் 9
பாவி நான். அக்கா வீட்டில் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது. அக்கா என் முகத்தையே பார்க்கவில்லை. “மூணாம் பக்கத்துலயே அந்தக் கதாநாயகனோட பொண்டாட்டி செத்துப் போறாளே, உனக்குத் தெரியாதா?”

ஆறு தடவை படித்திருக்கிறேன். கலத்தின் எரிபொருள்வரை ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெண் — அவள் பெயர்கூட ஞாபகம் இல்லையே. எப்படி மறந்தேன்?

மார்ச் 12
நான் பெயர் வைத்த மற்ற எழுத்தாளர்களைப் புரட்டினேன். எந்திர வாத்தியார்: மகளைப் பறிகொடுத்த விஞ்ஞானி. பச்சைக்கிரகத்து அம்மாள்: முதல் வரியிலேயே சவப்பெட்டி. என் மேதைகள் எல்லாரும் யாரையாவது அனுப்பிவைத்துவிட்டுத்தான் ராக்கெட்டில் ஏறுகிறார்கள். இவர்களையா ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்தேன்? அலுப்பாக இருக்கிறது.

மார்ச் 15
மூன்று நாளாக அக்கா போன் எடுக்கவில்லை. இருந்த நாலு வார்த்தைப் பேச்சையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

மார்ச் 20
காலை பதினோரு மணி. நிமிர்ந்தால் கவுன்ட்டருக்கு எதிரே அக்கா. தனியாக பஸ்ஸில் வந்திருக்கிறாள். புத்தகத்தைப் பொத்தென்று வைத்தாள்.

“முழுசாப் படிச்சேன். பொண்டாட்டி செத்த மறுநாளே ராக்கெட்ல ஏறிட்டான். அதெப்படிடி முடியும்? எனக்கு ஒரு பஸ் ஏற நாலு மாசம் ஆச்சு. இதை எழுதின ஆளுக்கு ஒண்ணுமே தெரியல!”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மேதையைக் கிழிகிழியென்று கிழிக்கிறாள். எனக்கோ கேட்கக் கேட்க இனிக்கிறது.

“இவரைவிட நல்லா எழுதினவங்க யாரு? குடு. உன் அட்டைல வேண்டாம், எனக்குன்னு ஒண்ணு போடு.”

உறுப்பினர் படிவத்தை நீட்டினேன். ‘பொறுப்பேற்பவர்’ என்ற இடத்தில் அத்தான் பெயரை எழுதத் தொடங்கினாள். நிறுத்தினாள். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினாள்.